மச்சான் பிடிக்கும் குழாய்

அவசரப் பிரிவின் கதவு படாரென்று சுவரில் மோதியது.

"டாக்டரம்மா! மாப்பிள மறுபடியும் விழுந்துட்டாரு!"

கத்திக்கொண்டே ஓடி வந்தான் ரோச். அவன் தோளில் துவண்டு கிடந்தான் சங்கு குளிக்கும் மரியான். பின்னாலேயே மரியானின் மனைவி, ரோச்சின் தங்கை ஜெசிந்தா.

பயிற்சி மருத்துவர் சந்தனச்செல்வி விரலில் குத்திப் பார்த்தாள். சர்க்கரை இருபத்தெட்டு. குளுக்கோஸ் ஏறிய பிறகுதான் மரியான் கண் திறந்தான். இது மூன்றாவது தடவை. மூன்றும் விடியலில், படகு ஏறப் போகும் நேரத்தில். இத்தனைக்கும் அவனுக்குச் சர்க்கரை நோயே இல்லை.

"கடலுக்கடியில விழுந்திருந்தா?" என்றாள் சந்தனச்செல்வி.

"விட்டுருவேனா? படகுல இருந்து காத்துக்குழாயைப் பிடிக்கது நான்லா!" ரோச் கிராம்பை மென்றபடி நெஞ்சைத் தட்டினான். "குழாயை மச்சான்தான் பிடிக்கணும் டாக்டரம்மா. எந்தங்கச்சி தாலியில்லா அது!"

தலைமை மருத்துவர் தேவமணி அவளைத் தனியே அழைத்தார். சென்ற முறை மயக்கத்தில் எடுத்த ரத்தத்தின் முடிவு அவர் கையில் இருந்தது.

"இன்சுலின் எக்கச்சக்கம். சி-பெப்டைட் துளிகூட இல்லை. என்ன அர்த்தம்?"

"உடம்பு சுரந்தா ரெண்டும் சேர்ந்துதான் வரும். ஒண்ணு மட்டும் இருக்குன்னா…" அவள் போனைக் கையில் எடுத்தாள். "ஊசி! யாரோ போட்டிருக்காங்க. மாமியாருக்குப் போடுத இன்சுலின் ஜெசிந்தா கையிலதான் இருக்கு சார். போலீஸுக்குச் சொல்லிரட்டுமா?"

"பொறுங்க. முதல் தடவை அவன் சட்டைப்பையில என்ன இருந்துச்சு?"

"கடலைமிட்டாய்."

தேவமணி கட்டிலருகே நின்ற ஜெசிந்தாவிடம் போனார். "வீட்டுக்காரருக்கு இனிப்புன்னா ரொம்ப இஷ்டமோ?"

"ஐயே! டீயிலகூடச் சீனி போட விடமாட்டாவ."

அண்ணனையும் தங்கையையும் வெளியே அனுப்பிவிட்டு அவர் கட்டிலருகே அமர்ந்தார். மரியானின் தொடையிலிருந்து போர்வையை விலக்கினார். வரிசையாக ஊசிப் புள்ளிகள். சந்தனச்செல்வி போனைக் கீழே வைத்தாள்.

"சர்க்கரை இறங்கும்னு முதல் நாள் எங்களுக்கே தெரியாது. இனிப்பே தொடாத நீ கடலைமிட்டாயோட விழுந்திருக்க. அம்மாவோட மருந்தை எடுத்து நீயே குத்திக்கிட்ட. அடுத்த தடவை எந்திரிக்க மாட்ட, மரியான். கடலுக்குப் பயந்தா இதைச் செய்த?"

"கடலுக்கா? நானா?" வெடுக்கென்று கேட்டான்.

"அப்ப யாருக்கு? அந்தக் கிராம்பையும் மீறி எனக்கு ஒரு வாடை வந்துச்சே."

மரியான் கதவுக் கண்ணாடியைப் பார்த்தான். வெளியே ரோச், அழும் தங்கையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தான். அந்த விரல்கள் நடுங்கின.

"விடியுமுன்னமே குடிச்சிருதாரு. மச்சான் வேண்டாம்னு அவகிட்ட எந்த வாயால சார் சொல்லுவேன்? அந்தக் கைக்கு இந்த ஊசியே தேவல."