உடையாத எழுத்து

பிரஸ்ஸுக்கு ஃபைல் போய் நாற்பத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது. மரக்காணம் கம்ப்யூட்டர் சென்டரில் சத்யப்ரியா எண்ணிக்கொண்டுதான் இருந்தாள்.

மழையோடு அவன் வந்தான். இருசப்பன். உப்பு லாரி ஓட்டுகிறவன். தானே பாட்டெழுதிப் பாடி ஒரு சிடி போடுகிறவன். அந்த சிடிக்கு அவள் டிசைன் செய்த அட்டையின் அச்சு மாதிரியைச் சட்டைக்குள்ளிருந்து எடுத்து மேசையில் வைத்தான்.

“இது எந்த ஊரு பாஷைங்க?”

உப்பளமும் வானமும் அவள் வைத்தபடியே இருந்தன. ‘உப்புக் காத்து’ என்ற தலைப்பு மட்டும் cg;G என்று ஏதோ...

புரிந்துவிட்டது. அவள் அடித்த தமிழ் ஃபாண்ட் பிரஸ் கம்ப்யூட்டரில் இல்லை. எழுத்தைப் படமாக மாற்றி அனுப்பியிருக்க வேண்டும். மறந்துவிட்டாள்.

டிசைன் கற்க வந்து ஆறு வாரம். “கெமிஸ்ட்ரி படிச்சிட்டு இதுவா? ஒரு வேலைய உருப்படியா முடி, அப்புறம் பாக்கலாம்” என்றிருந்தார் அப்பா. அந்த ஒரு வேலை இதுதான்.

“ஞாயித்துக்கெழம வெளியீடு. பாண்டில வேற ஆளுகிட்ட குடுத்துக்கறேன்” என்றான் இருசப்பன்.

“குடுத்துக்கங்க...” விறைப்பாகத்தான் சொன்னாள். அவன் வாசலை எட்டியதும் குரல் இறங்கியது. “தப்பு என்னுதுதான். ஒரு மணி நேரம் இருங்களேன்.”

இருந்தான். மழையில் லாரிக்கு லோடு இல்லை.

இந்தமுறை ஃபாண்டே வேண்டாம். மவுஸால் ஒவ்வொரு எழுத்தாக வரைந்தாள். ‘உ’ நாலு தடவை கோணியது.

“லாரி ரிவர்ஸ் எடுக்கற மாதிரி இருக்குதுங்க.”

“பக்கத்துல இருக்கறவங்க பேசாம இருந்தா நேரா போகும்.”

சிரித்தான். இமையில் இன்னும் ஒரு மழைத்துளி... அவள் பார்த்த அந்த ஒரு நொடியில் ‘உ’ மறுபடி கோணியது.

கடைசியில் எழுத்துகள் உப்புக் குவியல்களாக வெள்ளை வெளேரென்று எழுந்து நின்றன. அவன் கேலியை மறந்து பார்த்தான்.

“பின்னட்டைல ‘சமர்ப்பணம்’னு இருக்குது. பேர் காலி” என்றாள்.

“ஆளு தெரியும். பேருதான் தெரியாம இருந்துச்சு.” தயங்கினான். “போன மழைல, பஸ் ஸ்டாப்புல என் பாட்டு நோட்டு சேத்துல விழுந்துடுச்சு. ஒருத்தங்க எடுத்து, துப்பட்டாவுல தொடச்சிக் குடுத்துட்டு, நிமிந்துகூடப் பாக்காம பஸ் ஏறிட்டாங்க.”

அவள் விரல்கள் நின்றன. அந்த மஞ்சள் துப்பட்டாவில் கறை இன்னும் போகவில்லை.

“இப்ப... பேரு தெரியுமா?”

“பிரஸ்ஸுக்கு ஃபைல் வெச்சு அனுப்புன கவர் மேல, அனுப்புனவங்க பேரா எழுதியிருந்துச்சு.”

“சொல்லுங்க,” என்றாள், திரையை விட்டுக் கண்ணெடுக்காமல். “எழுதணும்.”

“ரெண்டு எழுத்துக்குப் புள்ளி உண்டுங்க. உடையாம பாத்துக்கங்க.” குரல் மழையைவிட மெல்ல வந்தது. “சத்யப்ரியா.”