மூன்றாவது மஞ்சள் தாள்

காலை 9.40. குடும்ப நீதிமன்றத்தின் முதல் மாடிக் கூடம். ஏழாம் நம்பர் கவுண்டருக்கு முன்னால் நின்ற தையற்காரி தன் கோப்பைத் திறந்து தாள்களை எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். முகம் வெளிறிவிட்டது.

"அம்மா, மஞ்சள்ல மூணாவது காணோம்."

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா நிமிர்ந்தார். கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் ஏழாம் நம்பரம்மா. வக்கீல் இல்லாமல் தாங்களே வழக்காட வருகிறவர்களுக்குப் படிவம் நிரப்பித் தருவது அவர் வேலை. நீதிமன்றத்துக்கு ஒரு மொழி, வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ். இரண்டுக்கும் நடுவே பதினாறு வருடமாக உட்கார்ந்திருக்கிறார். அவர் முறை மாறாது. கேள்வியைத் தமிழில் கேட்பார். பதிலை மஞ்சள் தாளில் தமிழிலேயே எழுதுவார். பிறகு அதையே நீதிமன்ற மொழியில் வெள்ளைத் தாளில் அடித்துத் தருவார். பக்கத்துக்குப் பக்கம் ஜோடி. வெள்ளை நீதிபதிக்கு. மஞ்சள் கேட்டவருக்கே, தான் என்ன கேட்டோம் என்று ஞாபகமிருக்க.

"மஞ்சள் போனாப் போகட்டும்மா. கோர்ட்டுக்கு வெள்ளைதான் கணக்கு. அது நாலும் இருக்கா?"

"இருக்கு. ஆனா பாப்பா யார்கூட இருக்கணும்னு எழுதினது அந்தப் பக்கந்தான். அதப் பாத்துத்தான் உள்ள பேசலாம்னு இருந்தேன்."

விசாரணை 10.30க்கு. ஐந்து வயது மகள் இனி அம்மாவிடமா அப்பாவிடமா என்பது இன்று முடிவாகும்.

ஏழாம் நம்பரம்மா அடுத்த டோக்கனைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. இந்தக் கூடத்தில் பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருக்கிறது, கல்யாண ஆல்பம் தொலைந்திருக்கிறது, ஒரு தடவை ஒரு மாமியாரே தொலைந்து அரை நாள் தேடினார்கள். ஆனால் எதற்கும் உதவாத ஒரு தாளை யார் எடுப்பார்கள்? அதுவும் நான்கில் ஒன்றை மட்டும்? அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

9.46.

"கோப்பு யார்கிட்ட இருந்துச்சு?"

"நேத்து ராத்திரி அண்ணன் வீட்டுல. இப்ப அங்கதான் இருக்கேன். எட்டரைக்குக் கதவு திறந்ததும் ரெண்டு பேரும் உள்ள வந்தோம். அந்த பெஞ்சு மேல வச்சிருந்தேன். ஒன்பதரைக்கு முகம் கழுவப் போனேன். வந்து பாத்தா அவரு பெஞ்சுகிட்ட நிக்கறாரு."

'அவரு' என்றால் கணவன். பஸ் டிரைவர். எதிர் பெஞ்சில் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அண்ணன் கையில் டீயோடு ஓடிவந்தான். மருந்துக் கிடங்கில் அந்த நீதிமன்ற மொழியிலேயே சரக்குப் பதிவு பார்ப்பவன். நேற்றும் தங்கையோடு வந்து கவுண்டரில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவன்.

"வேற யாரும்மா, அவன்தான். நான் டீ வாங்கப் போன நேரம் பாத்து எடுத்திருக்கான். காலைல வந்ததும் இவளுக்காக ஸ்கூல் லெட்டரெல்லாம் பிரிண்ட் எடுத்துக் குடுத்தேன். எல்லாத்தையும் பாத்துப் பாத்துச் செஞ்சும் இப்படி."

9.52. ஏழாம் நம்பரம்மா கவுண்டரை விட்டு வெளியே வந்தார்.

"பெஞ்சுகிட்ட ஏன் போனீங்க?"

"பாப்பா ஸ்வெட்டர் எங்கிட்ட இருந்துச்சு. வச்சிட்டு வந்தேன்."

"கோப்பத் தொட்டீங்களா?"

"எனக்கெதுக்குங்க அது?"

"எத்தன மணிக்கு வந்தீங்க?"

டிரைவர் வாசலில் கொடுத்த சீட்டை நீட்டினான். 9.20 என்று நேரம் குத்தியிருந்தது. பெஞ்சின் மேல் ஸ்வெட்டரும் இருந்தது. அவர் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை.

மூலையிலிருந்த குப்பைக்கூடையில் தேடிப் பார்த்தார். மஞ்சள் இல்லை. பக்கத்தில், வருகிறவர்களுக்கான பொதுக் கணினியும் பிரிண்டரும் இருந்த மேசையருகே நின்ற காவலர் தன் பாட்டுக்குப் புலம்பினார். "இந்தப் பொது பிரிண்டர் சனியன் பிடிச்சதும்மா. இன்னிக்குத் திறந்ததுலேருந்து எந்தத் தாள் எடுத்தாலும் ஓரத்துல கருப்பாக் கோடு. ஆளாளுக்கு எங்கிட்ட சண்டை. ஒன்பது மணிக்கே பிளக்கப் பிடுங்கிப் போட்டுட்டேன்."

ஏழாம் நம்பரம்மா அதைக் காதில் வாங்கியும் வாங்காமலும் திரும்பினார்.

10.02. சரி, வெள்ளையைப் பார்த்து மஞ்சளை மறுபடி எழுதிக் கொடுத்துவிடலாம் என்று மூன்றாம் பக்கத்தை எடுத்தார். படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

குழந்தை தந்தையிடம் இருக்க வேண்டும். தாய்க்குச் சனி, ஞாயிறு.

"நேத்து பாப்பா யார்கூடன்னு சொன்னீங்க?"

"எங்கூடன்னுதான். ஏம்மா?"

அவர் மறுபடி தாளைப் பார்த்தார். நேற்று முப்பத்தெட்டுப் பேருக்கு எழுதியிருக்கிறார். யார் என்ன கேட்டார்கள் என்று நினைத்துப் பார்த்தால் எல்லா முகமும் ஒன்றாகக் கலங்குகிறது. குடும்ப விவகாரம் என்பதால் மாலை ஐந்துக்குக் கணினி எல்லாவற்றையும் அழித்துவிடும். தன் கைதான் தவறிவிட்டதா? நீதிமன்ற மொழி தெரியாத ஒருத்தி, தன் பிள்ளையே வேண்டாமென்று தன் கையெழுத்தோடு கேட்டிருப்பாளே! அவருக்குப் பயமாக இருந்தது. இத்தனை வருடத்தில் முதல் தடவையாகத் தன்னையே நம்ப முடியவில்லை.

விஷயத்தைச் சொன்னதும் டிரைவர்தான் முதலில் எழுந்தான்.

"எங்கிட்டயா? நான் வாரத்துல நாலு நாள் வெளியூர் வண்டி ஓட்டறேன். புள்ளைய யார் பாத்துக்குவா? நான் கேக்கப் போறதே சனி ஞாயிறுதான்."

பிள்ளையை அவனும் கேட்கவில்லை. அப்படியானால் இந்த மாற்றம் யாருக்கு வேண்டும்?

10.11. கவுண்டருக்குத் திரும்பி, நான்கு வெள்ளைத் தாள்களையும் கிளிப்பிலிருந்து எடுத்து வரிசையாகப் பரப்பினார். ஒன்று சுத்தம். இரண்டு சுத்தம். கையெழுத்து இருந்த நான்காவதும் சுத்தம். மூன்றாவதின் வலது ஓரத்தில் மட்டும், மேலிருந்து கீழ்வரை மெல்லிய கருங்கோடு.

ஏழாம் நம்பரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"தம்பி, காலைல பிரிண்ட் எடுத்தீங்களே, அந்த ஸ்கூல் லெட்டரக் குடுங்க."

"அது எதுக்கும்மா இப்ப?"

"குடுங்க."

தங்கையே எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை மூன்றாம் பக்கத்தின் பக்கத்தில் வைத்தார். அதே ஓரம், அதே கோடு.

"இந்தப் பக்கம் நேத்து என் பிரிண்டர்ல வந்ததில்ல. இன்னிக்கு இந்தக் கூடத்துல எடுத்தது. வெத்துப் படிவம் அந்தப் பொதுக் கணினியிலயே இருக்கு. நீங்கதான் மாத்தி வச்சிருக்கீங்க."

"அவனும் எடுத்திருக்கலாமே."

"பிளக்கப் பிடுங்கினது ஒன்பது மணிக்கு. அவர் உள்ள வந்தது 9.20."

அண்ணன் தங்கையைப் பார்க்கவில்லை.

"எனக்குப் புரியாம இருந்தது மஞ்சள்தான்" என்றார் அவர். "உதவாத தாள்னு நானே சொன்னேன். ஆனா வெள்ளைய மாத்தினா, நேத்து இவ என்ன சொன்னான்னு காட்டறதுக்கு மிச்சம் இருக்கறது அந்த ஒரு தாள்தான். இந்த டிரைவருக்கு அது தெரியாது. ரெண்டும் ஜோடின்னு தெரிஞ்சவங்க நேத்து இங்க உக்காந்திருந்த மூணு பேர். நான், இவ, நீங்க."

அண்ணன் டீக் கோப்பையைக் கீழே வைத்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து எட்டாக மடித்த மஞ்சள் தாளை எடுத்துத் தங்கையிடம் நீட்டினான்.

"ஒரே ரூம்மா நம்ம வீட்ல. உங்க அண்ணிக்கு இது எட்டாம் மாசம். நீ மட்டும்னா எப்படியாச்சும் சமாளிச்சிருவேன். புள்ளையோடன்னா... உன்னப் போன்னு சொல்ல எனக்கு வாய் வரல. கோர்ட்டே சொன்ன மாதிரி இருக்கட்டும்னு நெனச்சிட்டேன்."

அவள் மடிப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அழவில்லை. தாளைத் தொடையில் வைத்து, துணியை நீவுவது போல நீவிவிட்டாள்.

10.22. ஏழாம் நம்பரம்மா புதிய மூன்றாம் பக்கத்தை அடிக்க உட்கார்ந்தார். மேலதிகாரிக்கு அறிக்கை எழுத வேண்டும், அது அப்புறம். என்ன கேட்க வேண்டுமென்று சொல்லித்தர அவருக்கு அனுமதியில்லை. கேட்டதை எழுதலாம், அவ்வளவுதான்.

"பாப்பா யார்கூட?"

"எங்கூட."

"எந்த விலாசத்துல?"

நேற்று இந்த இடத்தில் அண்ணன் வீட்டு விலாசம் இருந்தது. சுவர்க் கடிகாரத்தில் இரண்டு நிமிடம் போயிற்று. ஏழாம் நம்பரம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"தையல் கடைக்கு மேல ஒரு ரூம் சும்மாதாம்மா கெடக்கு. புள்ளையக் கூட்டிட்டு வந்து இருன்னு ஓனரம்மா ரெண்டு மாசமாச் சொல்லிட்டிருக்காங்க." அவள் குரல் தணிந்தது. "நான்தான் போகல. தனியாப் போனா அண்ணன் மனசு கஷ்டப்படுமேன்னு."

பின்னால் நின்ற அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

ஏழாம் நம்பரம்மா அந்த விலாசத்தை அடித்தார். இம்முறை முழுப் பக்கத்தையும் தமிழில் உரக்கச் சொல்லிக் காட்டினார். அவள் ஒவ்வொரு வரிக்கும் தலையசைத்துவிட்டு, பக்கத்தின் அடியிலும் ஒரு கையெழுத்துப் போட்டாள்.

10.30. உள்ளேயிருந்து அழைப்பு வந்தது. அண்ணன் எழுந்து கூடவே இரண்டடி வைத்தான்.

"நீ வீட்டுக்குப் போண்ணா" என்றாள் அவள். "அண்ணி தனியா இருப்பாங்க."