ஜூன் ஒன்றாம் தேதிக்காரர்கள்

அன்று காலை ஆறரை மணிக்கு ரிஷபம் மறுபடியும் விழுந்தது.

கோவை நாணயச்சாலைக்கு எதிரே இருந்த டீக்கடையில் தொங்கிய ராசிக்காசு விலைப்பலகையை வேலாத்தாள் கண்ணைச் சுருக்கிப் படித்தாள். நாற்பத்தாறு வயதில் எழுத்துக் கற்றவள் அவள். இப்போது ஐம்பத்து நாலு ஆகியும் ஒவ்வொரு சொல்லையும் ஒரு தடவை வாய்க்குள் உருட்டிப் பார்த்தால்தான் நம்புவாள். சிம்மம் மேலே. கன்னி மேலே. தனுசு இருந்த இடத்திலேயே. எல்லாவற்றுக்கும் அடியில், சிவப்பில், ரிஷபம்.

"நம்ம மாடு இன்னிக்கும் படுத்துக்கிச்சாக்கா?" என்றான் ஆறுக்குட்டி. உலைக்களத்தில் அவளோடு வேலை செய்கிறவன். தீக்காயம் பட்டு இடது கையில் இரண்டு விரல் மடங்காது.

"படுக்கல. அடிச்சுப் படுக்க வெச்சிருக்கறாங்க" என்றாள் வேலாத்தாள்.

பன்னிரண்டு ராசிக்காசும் ஒரே எடை, அரைப் பவுன். ஒரே மாற்று. ஒரே தங்கத் தகட்டிலிருந்து வெட்டிய வில்லைகள்தான். அந்த வில்லைகளைச் சூடேற்றி அச்சுக்குத் தள்ளுகிறவளே வேலாத்தாள்தானே, அவளுக்குத் தெரியாதா? அச்சில் சிங்கம் விழுந்தால் சிம்மக்காசு, காளை விழுந்தால் ரிஷபக்காசு, அவ்வளவுதான். ஆனால் கடையில் ஒரு சிம்மக்காசுக்கு மூன்று ரிஷபக்காசு கொடுக்க வேண்டியிருந்தது.

விலையை வைத்தது ஊழ்மானி. நாட்டில் இருக்கிற அத்தனை பேருடைய வருமானமும், நோயும், விபத்தும், பிள்ளைகளின் பரீட்சை மார்க்கும் அந்த இயந்திரத்துக்குள் போய்விடும். பதிவேட்டில் உள்ள பிறந்த நாளை வைத்து அது ஆட்களைப் பிரிக்கும். சித்திரையில் பிறந்தவர் மேஷம், வைகாசியில் பிறந்தவர் ரிஷபம், அப்படியே பங்குனி வரைக்கும். எந்த ராசிக்காரர்கள் செழிப்பாக இருக்கிறார்களோ அந்தக் காசின் விலை ஏறும். சோசியத்தைக் கேலி செய்து வந்த படிப்பாளிகள்கூட இதற்கு முன்னால் வாயை மூடிக்கொண்டார்கள். இருபது வருடமாக ஒரே முடிவுதான் வந்தது. ரிஷபக்காரன் அதிகம் இருமுகிறான். சாரத்திலிருந்து அதிகம் விழுகிறான். சீக்கிரம் சாகிறான்.

உருக்கி வெறும் தங்கமாக விற்கவும் வழியில்லை. அச்சு விழாத தங்கத்தை எவனும் வாங்கக் கூடாது என்று சட்டம். போனஸ் வந்தால் அதுவும் அவரவர் ராசிக்காசில்தான் வரும். வேலாத்தாளிடம் அப்படிச் சேர்ந்த ரிஷபக்காசு முப்பத்தொன்று இருந்தது. வெள்ளலூர்ப் பக்கம் ஒன்றரை சென்ட் இடம் பேசி வைத்திருந்தாள். பேசியபோது அந்தக் காசு போதும். இப்போது போதாது. சொந்த மண்ணில் ஒரு நாளாவது தூங்கிவிட்டுத்தான் சாக வேண்டும் என்பது அவள் பிடிவாதம்.

பத்திரத்துக்குப் பிறந்த நாள் சான்றும் வேண்டும் என்றார்கள்; காசு சேருவதற்குள் அதையாவது வாங்கி வைக்கலாம் என்று நினைத்தாள். அன்றைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, ஆறுக்குட்டியையும் கூட்டிக்கொண்டு பதிவு அலுவலகத்துக்குப் போனாள். வரிசை வாசலைத் தாண்டி ரோட்டுக்கு வந்திருந்தது. செங்கல் சுமக்கிறவர்கள், மில்லில் நூலைக் கோனில் சுற்றுகிறவர்கள், குப்பை வண்டி தள்ளுகிறவர்கள், எல்லாரும் இவள் வயதை ஒட்டியவர்கள்.

ஜன்னலுக்குப் பின்னால் நித்திலா என்ற இளம் எழுத்தர் தலையைத் தூக்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பேரு?"

"வேலாத்தாளுங்க."

"பொறந்த நாள் ஜூன் ஒண்ணா?"

வேலாத்தாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நான் இன்னும் சொல்லவே இல்லீங்களே அம்மிணி!"

நித்திலா சிரித்துவிட்டாள். "சொல்லணுமாம்மா? காலையிலிருந்து நீங்க முப்பத்தேழாவது ஆளு. எல்லாருக்கும் ஜூன் ஒண்ணுதான். ஒண்ணு ரெண்டு பேருக்கு மே முப்பது."

"அதெப்படிங்க? ஊரே ஒரே நாள்லயா பொறக்கும்?"

"ஆஸ்பத்திரியில பொறந்தவங்களுக்குச் சீட்டு இருக்கும். வீட்டுல பொறந்தவங்களுக்கு? பள்ளிக்கூடத்துல சேர்க்கிறப்ப ஹெட்மாஸ்டர் கேட்பாரு, அம்மாவுக்குத் தெரியாது. ஜூன்ல பள்ளிக்கூடம் தொறக்கும், அதுக்குள்ள அஞ்சு வயசு முடிஞ்சிருக்கணும். கணக்குக்குச் சரியா வர்ற மாதிரி ஜூன் ஒண்ணுன்னு எழுதிடுவாரு. உங்களுக்கும் அப்படித்தான் எழுதியிருப்பாங்க."

அப்படித்தான். ஒன்றாம் வகுப்பில் நாலே மாசம் உட்கார்ந்துவிட்டுக் களை எடுக்கப் போனவள் வேலாத்தாள். அந்த நாலு மாசத்துக்கு அவளுக்குக் கிடைத்தது இந்த ஒரு தேதி.

ஜூன் ஒன்று வைகாசியில் வரும். வைகாசி என்றால் ரிஷபம்.

அவள் திரும்பி வரிசையைப் பார்த்தாள். வெடித்த குதிகால்கள், பஞ்சு ஏறிய நெஞ்சுகள், மடங்காத விரல்கள். ரிஷபம் இவர்களை ஏழை ஆக்கவில்லை. நாட்டில் இருக்கிற ஏழைகளையெல்லாம் கொண்டுபோய் ரிஷபத்தில் அடைத்து வைத்திருக்கிறார்கள். அந்த மெத்தப் படித்த இயந்திரம் இருபது வருடமாகக் கூலிக்காரனின் பாடுகளை எண்ணிவிட்டு, அதைக் காளையின் தலையில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறது.

"இதை மாத்த முடியுங்களா?" என்றாள்.

"படிவம் இருக்கு. சான்று இல்லாதவங்க தாங்களே எழுதித் தரலாம். உங்க வயசுக்காரங்க ரெண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போடணும். ஆனா உங்க கைப்பட எழுதணும், கைநாட்டு செல்லாது. அதனாலேயே யாரும் வர்றதில்ல."

"எத்தன படிவம் இருக்குதுங்?"

"உங்களுக்கு ஒண்ணு போதுமே?"

"எல்லாத்தையும் குடுங்க."

வெளியே வேப்பமரத்தடியில் விஷயத்தைச் சொல்லி முடித்தபோது ஆறுக்குட்டி தலையைச் சொறிந்தான். "அக்கா, நான் எப்பப் பொறந்தேன்னு எங்க ஆத்தாளுக்கே தெரியாது. எருமை கன்னு போட்ட அன்னிக்குன்னு சொல்லுவா. எந்த எருமைன்னு கேட்டா அடிக்க வருவா."

"தெரிஞ்சவீங்க தெரிஞ்சத எழுதட்டும். தெரியாதவீங்க பன்னெண்டுல ஒண்ண எடுத்துக்கட்டும். வைகாசி மட்டும் வேண்டாம்."

"பொய்யில்லியா அது?"

"ஏன்டா, ஜூன் ஒண்ணு மட்டும் நெசமாக்கும்?"

ஆறுக்குட்டி ஒரு படிவத்தை உருவி அவளிடம் நீட்டினான். "அப்ப எனக்குத் தை மாசம் போடுங்க. பொங்கலாவது திங்கலாம்."

வேலாத்தாள் தனக்கு ஐப்பசி என்று எழுதினாள். அவள் பிறந்தபோது வீடு ஒழுகியது என்று அம்மா சொன்ன ஞாபகம். 'ஐ' போடத்தான் ரொம்ப நேரம் ஆயிற்று.

எழுதத் தெரியாதவர்கள் எழுதக் கற்றுக்கொண்டார்கள். பேர், ஊர், ஒரு மாசம், ஒரு தேதி. ஒரு படிவத்துக்கு அவ்வளவு எழுத்துப் போதும். கட்டட வேலைக்குப் போனவர்கள் திருப்பூருக்குக் கொண்டுபோனார்கள், அங்கிருந்து வால்பாறை எஸ்டேட்டுக்குப் போயிற்று, அப்புறம் லாரி ஏறி எங்கெங்கோ போயிற்று. இவளுக்கு அவன் சாட்சி, அவனுக்கு இவள் சாட்சி. எட்டு மாதத்தில் எத்தனை லட்சம் பேர் வைகாசியை விட்டு வெளியேறினார்கள் என்று யாரும் எண்ணவில்லை. எண்ணியது ஊழ்மானி மட்டும்தான்.

அது உள்ளதை உள்ளபடி எண்ணியது. ரிஷபத்தில் இப்போது மிஞ்சியிருந்தவர்கள் நிஜமாகவே வைகாசியில், ஆஸ்பத்திரியில், சீட்டோடு பிறந்தவர்கள். பெரும்பாலும் வசதியானவர்கள். சாரத்திலிருந்து விழாதவர்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ரிஷபம் கன்னியைத் தாண்டியது. அடுத்த வாரம் சிம்மத்தைத் தாண்டியது. கூலிக்காரர்கள் பிரிந்து போய்ச் சேர்ந்த மற்ற பதினொரு ராசியும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கின.

ரிஷபக்காசோ கூலிக்காரர்கள் முடிச்சில் கிடந்தது. காளை போட்ட காசு காளை போட்ட காசுதான், வைத்திருப்பவளின் பிறந்த நாள் மாறினால் அது மாறாதே. வேலாத்தாள் பதினொரு காசை எண்ணிக் கொடுத்து ஒன்றரை சென்டைத் தன் பேருக்கு எழுதிக்கொண்டாள். அன்று சாயங்காலமே அங்கே போய்ப் பாயை விரித்துப் படுத்தாள். எறும்பு கடித்தது. எழுந்திருக்கவில்லை.

பத்து நாள் கழித்து முதலாளி அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

நாணயச்சாலை முதலாளி திருமூர்த்தி சிம்ம ராசிக்காரர். ஊரில் பெரிய சேகரிப்பாளர். கண்ணாடி அலமாரியில் நீல வெல்வெட்டுத் துணிமேல் பன்னிரண்டு காசும் வட்டமாக இருக்கும். அதற்கு முழுச்சக்கரம் என்று பேர். அப்படி நாற்பது சக்கரம் வைத்திருந்தார். அது போக, ஓர் இரும்புப் பெட்டி நிறையச் சிம்மக்காசு. அந்தப் பெட்டியின் மதிப்புத்தான் இப்போது நாளுக்கு நாள் கரைந்துகொண்டிருந்தது.

"உக்காரு வேலாத்தா" என்றார். பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாகச் சொல்கிறார். அவள் உட்கார்ந்தாள்.

"இதை ஆரம்பிச்சது நீதானாமே?"

"ஆமாங்க."

"சரி, கெட்டிக்காரிதான். இடமும் வாங்கிட்டே. இப்ப நான் சொல்றதைக் கேளு. நம்ம பட்டறையில இருக்கிற அறுபது பேரும் பழையபடி வைகாசிக்குப் போயிடுங்க. ஆளுக்கு அஞ்சு சிம்மக்காசு தர்றேன். உங்களைப் பார்த்து மத்தவங்களும் போயிடுவாங்க. சேகரிப்பாளர் சங்கத்துல பேசி வெச்சிருக்கேன், ஊர் ஊருக்கு ஆள் அனுப்புறோம்."

பிறந்த நாளை விலைக்குக் கேட்கிறார் என்று வேலாத்தாளுக்குப் புரிந்தது.

"நாங்க வந்து சேந்ததுதானுங்களா உங்க ராசிக்குப் பீடை?"

"நான் அப்படிச் சொல்லலை."

"உங்க மெசினு சொல்லுதுங்களே. ஒண்ணு பண்ணுங்க. எங்காளுக இருமாம, விழாம இருக்க வழி பண்ணுங்க. எல்லாக் காசும் தன்னால ஏறும். ஆளுக்கு அஞ்சு காசு குடுக்கறதவிட அது உங்களுக்கும் லாபமுங்க."

திருமூர்த்தியின் முகம் இறுகியது. "நாளையிலிருந்து உலைக்கு வேற ஆள் வெச்சுக்க எனக்குத் தெரியும்."

"வெச்சுக்கங்க."

"அந்தப் படிவத்தையும் கிளறுவேன். நிஜமாவே ஐப்பசியில பொறந்தவளா நீ?"

"தெரியாதுங்க" என்றாள் வேலாத்தாள். "மழ பேஞ்சுதுன்னு ஆத்தா சொல்லும். மழ வைகாசியிலயும் பேயும்."

"அப்ப நீ எழுதினது பொய்!"

"ஒருக்கா ஹெட்மாஸ்டரு எழுதினாரு, ஆரும் கேக்கல. ஒருக்கா நான் எழுதினேன், கேக்கறீங்க." அவள் எழுந்தாள். சேலையில் ஒட்டியிருந்த உலைச் சாம்பலை அவருடைய கம்பளத்தின் மேலேயே தட்டிவிட்டாள். "கிளறுங்க. தப்புன்னு தெரிஞ்சா எங்க ஆளுக மறுபடி ஒக்காந்து எழுதுவாங்க. இப்பத்தான் எல்லாரும் எழுதக் கத்துக்கிட்டாங்களே. அத்தன லட்சம் பேரும் ஒரே மூச்சுல ஆவணியில பொறந்துட்டமுன்னு வெய்ங்க, அது உங்க சிம்மந்தானுங்களே?"

திருமூர்த்தி இரும்புப் பெட்டியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"நாளைக்கு உலைக்கு ஆறு மணிக்கு வரட்டுங்களா, ஏழு மணிக்கா?" என்று கேட்டுவிட்டு, வேலாத்தாள் பதிலுக்காக நின்றாள்.