தொடாமல் வைத்த கோப்பை

"வீட்டுக்கு வாங்கன்னு சொன்னீங்களா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க!"

"ஒரு மரியாதைக்குச் சொன்னேன். வாங்க, காபி குடிங்கன்னு நாம யாருக்குத்தான் சொல்றதில்ல? காஸ் சிலிண்டர்காரனுக்கு நீ சொல்லல?"

"அவன் 'இன்னொரு நாள் வர்றேம்மா'ன்னு சிரிச்சுக்கிட்டே போயிட்டான். இவன் வீடு எங்கன்னு கேட்டிருக்கான்! நீங்களும் வாயைத் திறந்து..."

"கேட்டா சொல்ல மாட்டாங்களா?"

"நீலக் கதவு, மாதுளை மரம், மேல் படிக்கட்டு, எல்லாத்தையும் சொல்லியாச்சு. சாவி எங்க இருக்குங்கிறதையும் சொல்லியிருக்கலாமே!"

"கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்று சிரித்துவிட்டு, மித்கால் ஹெட்போனை மறுபடியும் காதில் மாட்டிக்கொண்டார்.

துர்ஃபாவுக்குச் சிரிப்பு வரவில்லை. போன இலையுதிர் காலத்தில் கணவருடைய நெஞ்சைத் திறந்து தைத்த டாக்டர், இனிப் படியேறக் கூடாது என்று சொல்லியனுப்பினார். மலைச் சரிவிலிருக்கும் ஸல்த் ஊரே படிக்கட்டு. படியேறக் கூடாது என்றால் வீட்டுக்குள்ளேயே கிடக்க வேண்டியதுதான். ராணுவத்தில் லாரி ஓட்டிய மனிதர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைச் சகிக்காமல், மகன் ஹாஸிம் தோஹாவிலிருந்து இரண்டு டேப்லெட் அனுப்பி, அந்தச் சண்டை விளையாட்டையும் போட்டுக் கொடுத்தான். ஒரு தீவு, நான்கு பேர் கொண்ட அணி, சுற்றிலும் எதிரிகள். மித்கால் திரையில் ஜீப் ஓட்டினார். கத்தினார். பசிக்கிறது என்றார். அவரைக் காவல் காக்கவே துர்ஃபாவும் துப்பாக்கி சுடக் கற்றுக்கொண்டாள். கரக் ஊரிலிருக்கும் தங்கை ஷஹீரா மூன்றாவது ஆள்.

நான்காவது ஆளாக விளையாட்டே யாரையாவது சேர்த்துவிடும். ஆனால் ஊர் மலை மேல் மூடுபனி இறங்கிய நாளிலிருந்து ஒரே ஆள்தான் வந்துகொண்டிருந்தான். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. அவன் சுடுவதில்லை, ஓடுவதில்லை. யாராவது குண்டடி பட்டு விழுந்தால் மட்டும் எங்கிருந்தோ வந்து, குனிந்து, தோளில் தூக்கிப் போட்டு, ஒரு மறைவிடம் வரை சுமந்து போய் இறக்கிவிடுவான். இறக்கியதும் விழுந்தவர் எழுந்து நிற்பார். அப்படி அவன் அதிகம் சுமந்தது மித்காலைத்தான்.

"அவர் இல்லன்னா நான் எப்பவோ போயிருப்பேன். அந்த நன்றிக்கு ஒரு காபிகூடவா கிடையாது?" என்றார் இப்போது, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல்.

பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து அதிக நேரம் ஆகவில்லை. ஆனாலும் ஜன்னலுக்கு வெளியே எதிர் மலையும் அதன் மஞ்சள் கல் வீடுகளும் அடியோடு காணாமல் போயிருந்தன. காஸ் ஹீட்டர் மெல்ல இரைந்தது. பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளின் சத்தம் எங்கோ கீழே தேய்ந்து அடங்கியது. துர்ஃபா தன் டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு அணியில் சேர்ந்தாள்.

"அக்கா, வந்துட்டியா?" ஷஹீராவின் குரல். "மச்சான் மறுபடியும் ஜீப்பைக் கடல்ல விடப் போறாரா, இல்ல இன்னைக்காவது ரோட்டுல ஓட்டுவாரா?"

"நீயே கேளு."

"கேக்குறேன். அது சரி, உங்க வீட்டுக்கு ஆள் வந்திருக்காங்களா?"

"இல்லையே. ஏன்?"

"உன் பக்கத்துல யாரோ மூச்சு வாங்குற மாதிரி இருக்கு. படியேறி வந்தா வாங்குமே, அந்த மாதிரி."

துர்ஃபா மித்காலைப் பார்த்தாள். அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஷஹீரா?"

தங்கையின் பெயர் திரையிலிருந்து அணைந்து போயிருந்தது.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. நனைந்த கம்பளியும் புதிதாகத் தோண்டிய மண்ணும் சேர்ந்த வாசனை, சாத்திய கதவின் கீழிருந்து தொடங்கி, கம்பளத்தின் மேல் மெதுவாக நகர்ந்து, விருந்தாளிகள் உட்காரும் கதவோரத்து மெத்தை வரை வந்து அங்கேயே நின்றுவிட்டது. மெத்தையின் நடுவில் பஞ்சு உள்ளே அமுங்கியது.

"காபி போடு" என்றார் மித்கால், மிகவும் தணிந்த குரலில். "வந்துட்டார்."

விருந்தாளி என்றதும் அவளுடைய கைகள் அவளைக் கேட்காமலே வேலையைத் தொடங்கின. ஏலக்காய் தட்டினாள். காபி பொங்கி அடங்கியது. சர்க்கரையில்லாத காபியைச் சின்னக் கோப்பையின் அடியில் கொஞ்சமாக ஊற்றினாள். மித்கால் அதை வலது கையில் வாங்கி, மெத்தையை நோக்கி நீட்டி, விட்டுவிட்டார்.

கோப்பை விழவில்லை.

மெதுவாகக் கீழே இறங்கியது. கம்பளத்தின் மேல் அமர்ந்தது. ஒரு சொட்டும் சிந்தவில்லை.

"குடிக்கல. கீழ வச்சுட்டார்." மித்காலின் முகத்தில் ரத்தமே இல்லை. "ஏதோ கேட்டு வந்திருக்கார், துர்ஃபா. தர்றோம்னு சொல்ற வரைக்கும் குடிக்க மாட்டார். உன்னைப் பொண்ணு கேட்டு வந்தப்ப எங்க பெரியப்பா இப்படித்தான் வச்சார்."

துர்ஃபாவுக்கு நினைவிருந்தது. திரைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். கூடம் நிறைய ஆண்கள், ஆறிக்கொண்டிருந்த ஒரு கோப்பை. கடைசியில் அப்பா, 'காபியைக் குடிங்க' என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையில் அவளைக் கொடுத்தாகிவிட்டது.

"என்ன வேணும்னு கேளுங்க."

"கேட்டுட்டேன். ஹெட்போன்ல இன்னைக்கு மூச்சு மட்டுந்தான் வருது."

"போகச் சொல்லுங்க!"

"நானே கூப்பிட்டுட்டு எப்படி போகச் சொல்ல?"

காத்திருந்தார்கள். ஹீட்டரின் நெருப்பு சிறுத்து நீலமானது. கோப்பையின் ஆவி மட்டும் குறையவே இல்லை. ஜன்னல் மூடித்தான் இருந்தது. ஆனாலும் அறையின் மூலைகளில் பனி கட்டியது. மித்காலின் இடது கை மெல்ல ஏறி நெஞ்சைப் பிடித்தது. உதடு கறுத்தது.

"வலிக்குதா?"

"என்னன்னு தெரியாம... அந்த வார்த்தையைச் சொல்லிடாத."

"அவன் இங்க இருக்கிற வரைக்கும் உங்களுக்கு அடங்காது!"

"சொல்லாத, துர்ஃபா."

அவள் தன்னிடம் இருந்ததையெல்லாம் மனத்துக்குள் எடுத்து வைத்தாள். வீடு. வளையல். மீதியிருக்கும் தன் ஆயுள். எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். இவரை விட்டு எழுந்து போனால் போதும்.

மெத்தையைப் பார்த்துச் சொன்னாள்.

"உங்க காபியைக் குடிங்க. கேட்டது உங்களுக்குத்தான்."

ஒரே மடக்கு. தொண்டை வழியே இறங்குகிற சத்தம்.

கோப்பை காலி.

மெத்தை மேலெழும்பியது. வாசனை போய்விட்டது. ஹீட்டர் பழையபடி இரைந்தது.

"பார்த்தீங்களா, போயிட்டான்" என்று அவள் திரும்பினாள்.

மித்காலின் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கண் திறந்திருந்தது. கன்னத்தைத் தொட்டாள். சில்லிட்டிருந்தது.

அவர் மடியில் டேப்லெட் இன்னும் எரிந்தது.

திரையில் மித்கால் விழுந்து கிடந்தார். பெயரில்லாதவன் வந்தான். குனிந்தான். தோளில் தூக்கிப் போட்டான். நடந்தான். வழக்கமாக இறக்கிவிடும் பாழ் வீடு வந்தது. நிற்கவில்லை. தாண்டினான். மரங்கள். மணல். கடலின் மேல் பனி. அதற்குள் நடந்தான்.

ஹெட்போனுக்குள் ஏதோ முனகியது.

விறைத்த காதிலிருந்து அதைக் கழற்றித் தன் காதில் வைத்தாள்.

"துர்ஃபா... எப்பவும் அந்த வீட்டுலயே இறக்கி விட்டிருவாரே. இங்க ஒண்ணுமே தெரியல. நிறுத்தச் சொல்லேன்... நீ சொன்னாத்தான் கேக்குறார்."