பச்சைத் துப்பட்டா

டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. அப்துல் கஃபார் அதைத் தொடவில்லை. மனைவி சாஜிதாவின் முகத்தையும் பார்க்கவில்லை. படப்பையில் இருக்கும் சீட் கவர் கடைக்கு அவர் இன்று போவதாக இல்லை. மகள் ஃபஹீமாவின் கல்லூரிக்குப் போய் அவள் படிப்பை நிறுத்தி டி.சி. வாங்கிவரக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"ஏங்க... ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்க."

"என்னை ஊரு முழுக்க நாறடிச்சவ கையால டீ வேணாம். நான் திரும்பி வர்றதுக்குள்ள உங்க அண்ணன் வூட்டுக்குப் போயிடு."

சாஜிதா டீ டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முடிந்துவிடும். அந்த ஒரு வார்த்தையைத்தான் அவளால் சொல்ல முடியாது. பாவம், என்ன செய்வாள்!

ஃபஹீமா பொத்தேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் ஜர்னலிசம் படிக்கிறாள். வீட்டுக்குள் அடிபட்டும் வெளியே சொல்லாத பெண்களைப் பற்றி செமஸ்டருக்கு ஒரு வீடியோ எடுத்தாள். அதில் பேசிய ஒருத்தியின் முகத்தை மங்கலாக்கினாள், குரலை மாற்றினாள். உடம்பு வாகுகூடத் தெரியக்கூடாது என்று, கைக்குக் கிடைத்த அம்மாவின் பச்சைத் துப்பட்டாவை அவள்மேல் போர்த்தியும் விட்டாள். அங்கேதான் வந்தது வினை. கல்லூரி யூடியூபில் போட்ட வீடியோ சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்புக்கு வந்து சேர்ந்தது. சரிகைப் பூ போட்ட அந்தத் துப்பட்டா பெருநாளைக்கு கஃபார் ஆசையாக வாங்கித் தந்தது. எல்லாக் கல்யாணத்துக்கும் சாஜிதா அதைத்தான் போட்டுக்கொண்டு போவாள். 'என் வீட்டுக்காரர் அடிப்பார்' என்று அந்த உருவம் சொன்னதும், அடிக்கிறவர் கஃபார்தான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

கட்டினவள்மேல் இதுநாள்வரை கை ஓங்காத மனுஷன் அவர். துப்பட்டாவைப் பார்த்ததுமே போனை மூடிவிட்டார், மீதியைக் கேட்கவில்லை. பள்ளிவாசலில் ஆளாளுக்கு விசாரித்தபோது தலை குனிந்து நின்றவர், வீட்டுக்கு வந்து, "நான் எப்ப சாஜிதா உன்ன அடிச்சேன்?" என்று குழந்தைபோலக் கேட்டார். அப்போதும் அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

உண்மையில் வீடியோவில் பேசியது ருக்ஸானா. கஃபாரின் தம்பி அஸ்கரின் மனைவி, ஃபஹீமாவுக்குச் சாச்சி, மாடி போர்ஷனில் இருப்பவள். 'வெளிய மூச்சு விட்டே, புள்ளைய உன் கண்லயே காட்டமாட்டேன்' என்று, அண்ணன் கடையிலேயே வேலை பார்க்கும் அஸ்கர் அவளை மிரட்டி வைத்திருந்தான். அவளுக்கு வாயே கிடையாது என்ற நம்பிக்கை அவனுக்கு. அதனால் அண்ணிதான் பேசினாள் என்று அவனும் நம்பினான். டி.சி. வாங்கியே ஆகவேண்டும் என்று நேற்றிலிருந்து குதிப்பவனும் அவன்தான். வெட்கம் கெட்டவன்!

அடுப்படியில் ஃபஹீமா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அத்தாகிட்ட சொல்லிடறேம்மா. என்னால முடியல..."

"சாச்சிய என்ன சொல்லி உக்கார வச்சே? நீங்கதான்னு யாருக்கும் தெரியாது, உசுரே போனாலும் சொல்லமாட்டேன்னு சொன்னியா இல்லியா?"

"சொன்னேன்..."

"அப்ப வாய மூடிக்கோ."

"என் படிப்பு போயிடும்மா. உன்னையும் அத்தா அனுப்பிடுவாரு."

"போனா போவட்டும். புள்ளய புடுங்கிட்டா அவ செத்துடுவா."

சொல்லிவிட்டாளே தவிர, மடித்த துணியையே மறுபடி மறுபடி மடித்துப் பைக்குள் வைத்தாள். மகள் மேடையேறி பட்டம் வாங்குவதைப் பார்க்க வேண்டும் என்று எத்தனை ஆசைப்பட்டாள்!

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. "அண்ணே, சீக்கிரம் வா. இதுங்களுக்கெல்லாம் படிப்பு ஒரு கேடு," என்று அஸ்கர் அவசரப்படுத்தினான். சாஜிதா பையோடு படியிறங்கினாள்.

அப்போதுதான் மாடியிலிருந்து ருக்ஸானா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தாள். வந்தவள் சாஜிதாவின் கையிலிருந்த பையைப் பிடித்துக்கொண்டு கஃபாரைப் பார்த்தாள்.

"மச்சான்... அக்கா எங்கயும் போவக்கூடாது. அந்த வீடியோல பேசினது நான்."

"அடியேய்," என்று அஸ்கர் பாய்ந்தான். கஃபார் நடுவில் வந்து நின்றார்.

"அண்ணே, இவ பொய் சொல்றா."

"நீ சும்மா இரு. நீ சொல்லும்மா."

"அடிக்கிறப்ப டிவி சவுண்ட ஏத்தி வச்சிடுவாரு மச்சான். கீழ கேக்காது."

கஃபார் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "நான் கீழருந்து கத்துவேனே... சவுண்ட கொறைடான்னு..."

"கத்துவீங்க. அவரும் கொறைச்சிடுவாரு. அப்ப நான் வாயில துணிய வச்சுக்குவேன்."

சாஜிதா ருக்ஸானாவையும் குழந்தையையும் சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து கஃபார் எழுந்தார். "ருக்ஸானா, இனிமே நீ கீழ சாஜிதாகூடத்தான் இருப்ப. புள்ள மேல எவன் கை வைக்கிறான்னு நான் பாக்கறேன். டேய், கடை சாவிய குடுத்துட்டு இந்த ஆட்டோலயே கெளம்பு."

அஸ்கர் சாவியை எறிந்துவிட்டுப் போனான்.

"அத்தா... அது நீங்க இல்லன்னு குரூப்ல போட்டுடட்டுமா?" என்று ஃபஹீமா மெதுவாகக் கேட்டாள்.

"போட்டா, பின்ன யாருன்னு கேப்பாங்க. கேட்டா சாச்சி பேரு வெளிய வரும். வேணாம்மா, நான்தான்னே நெனச்சுக்கட்டும். உங்கம்மா தாங்கினா, நான் தாங்கமாட்டேனா? நீ போ, டிரெயின் போயிடப் போவுது."

மனைவியை நிமிர்ந்து பார்க்க முடியாமல், அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு உள்ளே நடந்தார். ஊரே பேசியபோது ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத சாஜிதா, வாசற்படியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.