அறுபத்தைந்தாவது படம்

சிடியில் அறுபத்தைந்து படங்கள் இருந்தன. இருக்க வேண்டியது அறுபத்து நான்கு. மோகனப்பிரியா இரண்டு முறை எண்ணிவிட்டு, கண்ணைத் தேய்த்துக்கொண்டு மூன்றாம் முறையும் எண்ணினாள். காலை ஏழு மணிக்கு வந்து உட்கார்ந்தவளுக்கு ஒன்று கூடினால் என்ன, குறைந்தால் என்ன என்றுதான் இருந்தது. ஆனால் அது இனியாவின் சிடி. அவளுடைய எட்டு வயது மகளின் தலை.

ஒரு மாதமாக இனியாவுக்கு ஓயாத தலைவலி. அஸ்தம்பட்டியில் அம்மா வேலை பார்க்கும் அதே ஸ்கேன் சென்டரில் காலையில்தான் படம் எடுத்தார்கள். மூன்று மணி பஸ்ஸைப் பிடித்து, இரவுக்குள் கோயம்புத்தூர் டாக்டரிடம் சிடியைக் காட்டியாக வேண்டும். தாமதிக்கக் கூடாது என்று அவர் சொல்லியிருந்தார்.

மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் போய்விட்டார்கள். பின்பக்கத்து அறையில் ஏசியிலிருந்து வடியும் தண்ணீர் வாளியில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருக்க, ஸ்பிரிட் வாடையும் சூடேறிய கம்ப்யூட்டரின் தூசி வாடையும் கலந்து நெஞ்சுக்குள் இறங்க, வெளியே ஏற்காடு ரோட்டின் இரைச்சல் கனத்த போர்வைக்கு அடியிலிருந்து வருவதுபோல் மங்கிக் கேட்டது. நடையில் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்து இனியா பதிமூன்றாம் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தாள். நாளை மறுநாள் பள்ளிக்கூடத்தில் கேட்பார்களாம்.

அறுபத்தைந்தாவது படத்தைத் திறந்தாள்.

அது இனியா இல்லை. தாடை எலும்பில் ஒரு பல்கூட இல்லை. இரண்டு காதுப் பக்கமும் வெள்ளைக் கீற்றுகள் சிதறியிருந்தன. தங்கத் தோடு போட்டுக்கொண்டு ஸ்கேனுக்குள் போனால்தான் படம் அப்படி வரும். தோட்டைக் கழற்றவே மாட்டேன் என்று அடம்பிடித்த ஒரே ஒரு கிழவியைத்தான் மோகனப்பிரியாவுக்குத் தெரியும். புதுச்சத்திரத்து ராமாத்தாள். படம் எடுத்த பத்தாம் நாள் செத்துப் போனவள்.

மூன்று மாதமாகியும் யாரும் வாங்கிப் போகாத, திரும்ப எழுதக்கூடிய சிடிகளை அழித்து அடுத்தவருக்குக் கொடுப்பது அந்த சென்டரின் வழக்கம். மேலே எழுதிய பெயரை ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பாள். உள்ளே இருப்பதை அழிக்கக் கறுப்புத் திரையில் ஒரு வரி கட்டளை அடிக்க வேண்டும். அந்த வரியின் கடைசியில் ‘ஆல்’ என்று போட்டால் முழுசாக அழியும், அதற்கு அரை மணி நேரம். ‘ஃபாஸ்ட்’ என்று போட்டால் ஒரே நிமிஷம். ஆனால் பட்டியல் மட்டும்தான் போகும். படங்கள் கேட்பாரில்லாமல் உள்ளேயே கிடக்கும். பெயர் எழுதிய முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புது நோட்டு என்று கொடுக்கிற கதைதான். முழுசாக அழிக்கச் சொல்லித்தான் சென்டரை நடத்தும் டாக்டர் கைலாசத்தின் உத்தரவு. ஆறு வருஷமாக அவள் போட்டது ‘ஃபாஸ்ட்’தான். யார் திறந்து பார்க்கப் போகிறார்கள்?

மூன்று நாள் முன்பு ராமாத்தாளின் மகன் குழந்தைவேல் வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும்.

"ஏனுங்க, அம்மாளோட போட்டோ ஒண்ணுகூட ஊட்டுல இல்லீங்க. ஆதார்ல இருக்கறது அம்மா மாதிரியே இல்ல. அந்தத் தலைய எடுத்த படமாச்சும் குடுத்தீங்கன்னா சாமி ரூம்புல வெச்சுக்குவேனுங்க."

அழிக்க வேண்டிய குவியலில் இருநூறு சிடி கிடந்தது. யார் தேடுவது? "இங்க இல்லீங்க," என்று சொல்லிவிட்டாள். அவர் படியிறங்கிய கையோடு எடுத்த முதல் சிடியே ராமாத்தாளுடையது. கூப்பிட்டுக் கொடுத்திருக்கலாம். எழுந்து போக அலுப்பாக இருந்தது. ‘ஃபாஸ்ட்.’ ஒரு நிமிஷம். அவ்வளவுதான்.

அந்தச் சிடியில்தான் இன்று மகளின் தலையை எழுதியிருக்கிறாள். மோகனப்பிரியாவுக்குத் தன்மீதே வெறுப்பாக வந்தது. கை மட்டும் பழக்கதோஷத்தில் மறுபடியும் ‘ஃபாஸ்ட்’ என்றே அடித்தது. ஒரு நிமிஷத்தில் அழிந்தது. இனியாவின் படங்களைத் திரும்ப எழுதினாள். எண்ணினாள்.

எழுபத்தொன்று.

கூடுதலாக வந்தவை தாடையோடு நிற்கவில்லை. கழுத்து. தோள்பட்டை. நெஞ்செலும்பு. அந்தக் கிழவிக்குத் தலையை மட்டும்தான் படம் எடுத்தார்கள்.

"இனியா," என்று கூப்பிட்டாள். எட்டிப் பார்த்தாள். பிள்ளை வாய்ப்பாட்டை முணுமுணுத்துக்கொண்டேதான் இருந்தது. "இனியா, உன்னையத்தான்!"

பிள்ளை நிமிர்ந்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "இனியாவா? அது ஆரும்மா?" என்றது.

விளையாட்டு என்றுதான் நினைத்தாள். அப்படித்தான் நினைக்க வேண்டும் என்று தன்னைப் பிடித்து நிறுத்திக்கொண்டாள். முதலில் அந்தக் கிழவி இந்தச் சிடியை விட்டுப் போகட்டும். ஒரு பொட்டு மிச்சமில்லாமல் போகட்டும். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக ‘ஆல்’ என்று அடித்தாள்.

சிடி உறுமிக்கொண்டு சுற்றத் தொடங்கியது. பத்து சதவீதம். இருபது.

"அஞ்சு பதிமூணு அறுவத்தஞ்சு. ஆறு பதிமூணு எழுவத்தெட்டு."

முப்பது. நாற்பது.

"ஏழு பதிமூணு..." குரல் நின்றது. "ஏழு பதிமூணு..."

மறந்திருக்கும். தலைவலி. பிள்ளைதானே.

ஐம்பது.

"ஏழு... ஏழு..."

மோகனப்பிரியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. சற்றுமுன் ‘ஃபாஸ்ட்’ போட்டு அழித்ததில் பிள்ளைக்குப் பெயர் போனது. பட்டியல் மட்டும். இப்போது உள்ளே இருப்பது போகிறது. அந்தச் சிடிக்குள் கிழவி மட்டுமா இருந்தாள்?

நிறுத்தும் பட்டனை அழுத்தினாள். நிற்கவில்லை. தட்டை வெளியே தள்ளும் பட்டனை நகம் வலிக்க அழுத்தினாள். அறுபது. மேஜைக்கடியில் குனிந்து ஒயரைப் பிடுங்கினாள். திரை இருண்டது. கம்ப்யூட்டரின் காற்றாடி நின்றது.

சிடி சுற்றிக்கொண்டே இருந்தது.

"ஏ..."

பிறகு அதுவும் இல்லை.

எவ்வளவு நேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தாளோ தெரியாது. தட்டு தானாக வெளியே வந்தது. அவள் நடைக்கு ஓடினாள். பிள்ளை நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தது. கண் திறந்திருந்தது. மூச்சு வந்தது. கன்னத்தைத் தட்டினாள், உலுக்கினாள், மடியில் அள்ளிப் போட்டுக்கொண்டு "அம்மாடா, அம்மாடா" என்று கதறினாள். உடம்பு சூடாகத்தான் இருந்தது. கண்ணுக்குள் யாரும் இல்லை.

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம்.

"ஏனுங்க," என்றார் குழந்தைவேல், தயங்கித் தயங்கி. "தொந்தரவு பண்றேன்னு நெனச்சுக்காதீங்க. இன்னொருக்கா தேடிப் பாத்தீங்கன்னா..."

பிள்ளையின் கண் அசைந்தது. தலை மெல்ல வாசல் பக்கம் திரும்பியது. குரல் இனியாவின் குரல்தான்.

"குழந்தேலு. இந்த வெயில்லயா சாமி வந்தே? சாப்ட்டியா?"

அவர் கையிலிருந்த பை கீழே விழுந்தது. அந்த மாதிரி அவரைக் கூப்பிட உலகத்தில் இனி யாரும் இல்லை. முகம் கோணிக்கொண்டு வர, ஐம்பது வயது மனிதர் பிள்ளைக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். "அம்மா?"

பிள்ளை மடியிலிருந்து இறங்கியது. மோகனப்பிரியா அதன் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். அது அவளை ஏறிட்டுப் பார்த்தது. கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தியைப் பார்க்கிற பார்வை. கோபமில்லை. அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கியது.

"உடு கண்ணு. பொழுதோட ஊடு போய்ச் சேரோணும்."

"இனியா!"

குழந்தைவேல் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து தோளைக் கொடுத்தார். எட்டு வயதுப் பிள்ளை அதைப் பற்றிக்கொண்டு, முழங்காலை ஒரு கையால் அழுத்திப் பிடித்தபடி, ஒரு படிக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்கி, வெயிலுக்குள் இறங்கியது. பழக்கப்பட்டவர்போல அவர் ஒவ்வொரு படியிலும் காத்து நின்றார்.