துருப்பிடிக்காத போல்ட்

காலை 9.10.

கடலுக்குள் நிற்கும் காற்றாலையின் மேடையிலிருந்து ஃபிட்டர் விழுந்து செத்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. அதற்குள் கரைப் பட்டறையில் குற்றவாளியைத் தீர்மானித்துவிட்டார்கள். முறிந்தது கைப்பிடிக் கம்பியின் போல்ட். எடை குறைந்த அந்த அலுமினியப் போல்ட்டைக் கொண்டுவந்த இன்ஜினியர் பெண் சுவரோரம் நின்றாள். நாற்பது பேர் அவளை முறைத்தார்கள். சாட்சி சொல்லக் கூப்பிட்டால்தான் இவ்வளவு கூட்டம் வராது.

"இவளைப் பிடிச்சு உள்ள போடுங்க மேடம்!" என்று விசாரிக்க வந்த போலீஸ் இன்ஸ்பெக்டர் அம்மாளிடம் சொன்னாள் ஃபிட்டரின் மனைவி.

அவளுடைய அண்ணன்தான் சூப்பர்வைசர். முறிந்த போல்ட்டை இன்ஸ்பெக்டர் அம்மாளின் மூக்குக்கு நேரே நீட்டினார். திருகு மரைகளில் வெள்ளைத் தூள், நடுவே செந்நிறம், அதன் ஓரத்தில் லேசாகப் பச்சை.

"கடல் தண்ணியில துருவே பிடிக்காதுன்னு அளந்தா. பாருங்க, எட்டே மாசம், செக்கச்செவேல்னு துரு!"

"மாட்டினது யாரு?"

"நான்தான். பன்னெண்டு போல்ட்டும் நானே. வேற ஒரு கை படல."

"வெள்ளைப் பசை மட்டும் தடவணும்னு எழுதிக் குடுத்தேன் மேடம்," என்றாள் இன்ஜினியர்.

"அதைத்தான் தடவினேன். எனக்கே பாடமா?"

9.35.

இன்ஸ்பெக்டர் பட்டறை அலமாரியைப் பார்த்தார். வெள்ளைப் பசை டப்பா ஒன்று. பக்கத்தில், இரும்புப் போல்ட்டுகளுக்கான செந்நிற கிரீஸ் டப்பா. ஒரு துணியை மண்ணெண்ணெயில் நனைத்து மரையைத் துடைத்தார். சிவப்பு, பிசுக்காகத் துணிக்கு வந்துவிட்டது.

"இரும்பு துருப்பிடிச்சா சிவக்கும். அலுமினியம் அரிச்சா வெள்ளையாத்தான் பூக்கும். இதுல சிவப்பு எங்கிருந்து வந்துச்சு?"

இன்ஸ்பெக்டர் துணியைச் சூப்பர்வைசரிடம் நீட்டினார்.

"இது செம்புத்தூள் கலந்த கிரீஸ். ஓரத்துல பச்சை, செம்புப் பாத்திரத்துல பிடிக்கிற களிம்பு. உப்புத்தண்ணி பட்டா செம்பு பக்கத்துல இருக்கிற அலுமினியத்தை அரிச்சுத் தின்னுடும். இருபது வருஷம் இரும்பையே பார்த்த கண்ணு. கிரீஸைத் துருன்னு சொன்னா நம்பிடுவாங்கன்னு நீங்களே எடுத்துக் காட்டிட்டீங்க."

"பழக்கதோஷம்... எல்லா போல்ட்டுக்கும் அதுதானே தடவுவோம். நேத்து வந்தவ சொல்லி நான் மாத்தணுமா?"

இன்ஜினியர் அழத் தொடங்கினாள். யாரும் அவளைத் தேற்றவில்லை. நாற்பது பேரும் தரையைப் பார்த்தார்கள்.

ஃபிட்டரின் மனைவி அண்ணன் முன்னால் வந்து நின்றாள்.

"கைப்பிடி ஆடுதுன்னு போன வாரமே உன்கிட்ட சொன்னதா என் வீட்டுக்காரர் சொன்னார். நீ பார்த்துக்கறேன்னியாமே?"

"பார்த்தேம்மா."

"அப்புறம் ஏன் கழட்டி மாத்தல?"

"கழட்டினா கிரீஸ் தெரிஞ்சிருக்கும்."

அவள் கத்தவில்லை. அடிக்கவுமில்லை.

"நாளைக்கு அவரைத் தூக்கும்போது நீ தோள் குடுக்க வராதே," என்றாள்.